ஏரிக்கரையில் ஒரு சாட்டை: ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நின்று தூண்டிலை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தேன். மாடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். அப்புறம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“ஏம்பா, மீனு புடிக்கிறியா, மாடு ஓட்டுறியா?”

“மீன்தான் தாத்தா.”

“அப்ப தூண்டிலத் தண்ணியில போடு. ஆகாசத்துல என்னா மீனு இருக்குது?”

ஃப்ளை ஃபிஷிங்கை முதல்முறை பார்க்கிற யாருக்கும் தோன்றுகிற சந்தேகம்தான் இது. ஆனால் என் கையில் இருந்தது அவர் கண்ணுக்குச் சாட்டையாகத் தெரிந்தது பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி நான் படித்த பல அறிமுகங்களைவிட அவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

சின்ன வயதில் பிடித்த தூண்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள், முள்ளில் மண்புழு. வீசும்போது பறப்பது எது? ஈயக்குண்டு. நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது, அவ்வளவுதான். கடையில் வாங்கும் ரீல் வைத்த ராடும் இதே கதைதான். கம்பங்கொல்லையில் குருவி ஓட்டக் கவணில் கல் வைத்துச் சுழற்றுவார்களே, அந்த வேலை. கல் இருந்தால்தான் கவண்.

இப்போது ஈயக்குண்டைக் கழற்றிவிடுங்கள். மண்புழுவும் வேண்டாம். முள்ளில் ஒரு சேவல் இறகைச் சுற்றிக் கட்டுங்கள். மொத்தமாகக் கால் கிராம்கூடத் தேறாது. இதை எறிந்தால் பஞ்சை எறிந்த மாதிரி காலடியிலேயே விழும். ஆனால் தண்ணீரில் விழுந்து மீனுக்கு இரையாகிற ஈசலும் எறும்பும் அந்த அளவு லேசானவைதானே. அவற்றைப் போலவே செய்த பொய்ப்பூச்சியும் (இதைத்தான் ஃப்ளை என்கிறார்கள்) லேசாக இருந்தால்தான் நீர்மேல் பொருந்தி நிற்கும். லேசாகவும் இருக்க வேண்டும், பத்து மீட்டர் தள்ளிப் போயும் விழ வேண்டும். இதற்குக் கண்டுபிடித்த வழி, எடையை நூலுக்கே கொடுத்துவிடுவது. ஃப்ளை ஃபிஷிங்கில் நாம் வீசுவது நூலை. பூச்சி அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிற பயணி.

அதனால்தான் சாட்டை. சாட்டை கைப்பிடிப் பக்கம் தடிமனாகவும் நுனியில் நூல் போலவும் இருக்கும். கை கொடுத்த வேகம் தடித்த இடத்திலிருந்து மெல்லிய இடத்துக்குப் போகப் போக, நகர வேண்டிய எடை குறைந்துகொண்டே வருகிறது, வேகம் ஏறிக்கொண்டே போகிறது. மாட்டுக்காரர் சொடுக்கும்போது நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டுகிறது, ‘படீர்’ என்று கேட்கிறது. ஃப்ளை நூலும் அதே கணக்கில்தான் முன்பக்கம் மெலிந்துகொண்டே போகிறது. ஆனால் இங்கே ‘படீர்’ கேட்கக் கூடாது. நூல் காற்றில் ஒரு வளையமாக உருண்டு விரிந்து, கடைசியில் வேகமெல்லாம் தீர்ந்து, பூச்சி தும்பி உட்காருவது போல நீர்மேல் இறங்க வேண்டும்.

இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் இதன் கிளைகள்தான்.

நூல், கழி, எண்கள்

முதலில் நூலைப் பார்ப்போம், ஏனென்றால் காசைப் போட வேண்டிய இடம் அதுதான். உள்ளே நைலான் போன்ற கரு, மேலே பிளாஸ்டிக் பூச்சு, அந்தப் பூச்சுக்குள் மிதப்பதற்காகக் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள். சுமார் 25 முதல் 30 மீட்டர் நீளம். தடிமனைப் பார்த்தால் புதியவர்கள் மிரண்டுபோவார்கள்: “இவ்வளவு தடியான கயிறு மீனுக்குத் தெரியாதா?” தெரியும். அதற்குத்தான் நுனியில் வேறொரு நரம்பு கட்டுகிறோம், வருகிறேன்.

நூலுக்கு எண் உண்டு. முதல் 30 அடியின் எடையை வைத்து அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். 5-ஆம் எண் நூலின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். ஒரு பவுன் 8 கிராம் இல்லையா, அதற்குக் கொஞ்சம் மேலே. ஒரு பவுன் சங்கிலியை 30 அடிக்கு இழுத்துவிட்ட எடையைத்தான் காற்றில் வீசப் போகிறீர்கள். 3-ஆம் எண் என்றால் ஆறரை கிராம், 8-ஆம் எண் என்றால் பதின்மூன்றரை கிராமுக்கு மேல். கழியிலும் அதே எண் எழுதியிருக்கும். 5-ஆம் எண் கழிக்கு 5-ஆம் எண் நூல். நூலின் எடைதான் கழியை வளைக்கிறது, வளைந்த கழி நிமிரும்போதுதான் நூல் பறக்கிறது. பொருந்தாத எண்ணைப் போட்டால் ஒன்று கழி வளையவே வளையாது, இல்லை ஈரத்துணி காயப்போட்ட கொடிக்கம்பு மாதிரி தொய்ந்து நிற்கும்.

நம் பக்கத்து ஏரிகளுக்கு 9 அடி நீள 5-ஆம் எண் கழி சரியாக இருக்கும். நூல் பெட்டியில் ‘டபிள்யூ எஃப் 5 எஃப்’ என்று போட்டிருந்தால், எடை முன்பக்கம் குவிந்த நூல், எண் 5, மிதக்கும் வகை என்று அர்த்தம். முதல் நூலாக அதை வாங்குங்கள். மூழ்கும் நூல் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

ரீலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் மீனுக்கு அது நூலைச் சுற்றிவைக்கும் டப்பா. அதில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

நூலின் நுனிக்கு வருவோம். தடித்த நூலோடு பூச்சியை நேரே கட்டினால் மீன் கிட்டே வராது, பூச்சியும் ‘பொத்’ என்று விழும். அதனால் நடுவில் 9 அடி போலக் கண்ணுக்குத் தெரியாத நரம்பு ஒன்று. அதன் பெயர் லீடர். அதுவும் தடிமனில் தொடங்கி மெலிந்து முடியும், சாட்டையின் கடைசி முழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் தனியாக ஓர் இரண்டடி மெல்லிய நரம்பு கட்டுவார்கள், அதற்கு டிப்பெட் என்று பெயர். பூச்சியை மாற்றி மாற்றிக் கட்டும்போது குறைந்துகொண்டே வருவது இந்த இரண்டடிதான். லீடர் பிழைத்துக்கொள்ளும்.

டிப்பெட்டின் தடிமனை 4 எக்ஸ், 5 எக்ஸ் என்று சொல்வார்கள். எண் கூடினால் நரம்பு மெலியும். முள்ளும் அப்படித்தான்: 14-ஆம் எண் முள் சின்னது, 6-ஆம் எண் பெரியது. புதியவர்கள் இங்கே குழம்புவார்கள். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிற யாரையாவது கேட்டால் சிரிப்பார், செம்புக் கம்பிக்கும் கேஜ் எண் ஏறினால் கம்பி மெல்லியதுதான். எக்ஸுக்கு ஒரு கணக்கு உண்டு. 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் வருவது, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு. 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, சுமார் 0.15 மில்லிமீட்டர். எந்த முள்ளுக்கு எந்த நரம்பு என்பதற்கும் கைக்கணக்கு இருக்கிறது: முள் எண்ணை மூன்றால் வகுங்கள். 12-ஆம் எண் முள்ளுக்கு 4 எக்ஸ். விரால் மாதிரி முரட்டு மீன் என்றால் இந்தக் கணக்கை மறந்துவிட்டுத் தடித்த நரம்பையே போடுங்கள்.

பட்டுப்புழு வயிற்றிலிருந்து வந்த நரம்பு

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கென்றே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று. நைலான் வருவதற்கு முன்னால் இந்தச் சாமானெல்லாம் எதில் செய்தார்கள் தெரியுமா? நூல், பட்டு. பட்டு இழையைப் பின்னி, எண்ணெய் ஊட்டி, காயவைத்து எடுப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, ஊகிக்கலாம். நான் அசந்துபோனது லீடரைப் படித்தபோது.

கூடு கட்டத் தயாரான பட்டுப்புழுவை எடுத்து, கூடு கட்ட விடாமல், வினிகரில் ஊறப்போடுவார்கள். பிறகு புழுவைக் கிழித்தால் உள்ளே இரண்டு பட்டுச் சுரப்பிகள் இருக்கும். அந்தச் சுரப்பியை இரண்டு முனையிலும் பிடித்து மெதுவாக இழுத்தால், ஒரு அடி, ஒன்றரை அடி நீளத்துக்கு ஒளி ஊடுருவும் நரம்பாக நீண்டு இறுகிவிடும். அப்படிப்பட்ட துண்டுகளை முடிச்சுப் போட்டு இணைத்தால் லீடர். ஸ்பெயினில் முர்சியா என்ற வட்டாரமே இதை ஒரு தொழிலாகச் செய்துகொண்டிருந்தது. காய்ந்தால் ஒடியும் என்பதால் மீன் பிடிக்கப் போவதற்கு முன் ஊறவைத்து மென்மையாக்க வேண்டும். நைலான் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது.

எங்கள் சித்தப்பா வீட்டில் புழு வளர்க்கிறார்கள். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோவார். இந்தக் கதையைச் சொன்னேன். ஐந்தாம் பருவத்துப் புழு ஒன்றைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கூடு கட்டினா கிலோவுக்கு விலை கிடைக்கும். இது ஒண்ணுக்கு ஒண்ணு கிழிக்கணும்ங்கிற. அவனுங்களுக்கு வேற வேல இல்லயா?”

கழிக்கும் இந்தியத் தொடர்பு உண்டு. கார்பன் கழி வந்தது 1970-களில். அதற்கு முன்னால் கண்ணாடியிழை, அதற்கும் முன்னால் மூங்கில். மூங்கிலை நீளவாக்கில் சீவல்களாகப் பிளந்து, ஆறு சீவலை ஒட்டிக் கழி செய்வார்கள். சீனத்து மூங்கில் சந்தைக்கு வரும்வரை அதற்கு இந்தியாவிலிருந்து போன மூங்கிலைப் பயன்படுத்தினார்கள், ‘கல்கத்தா மூங்கில்’ என்றே அதற்குப் பெயர்.

பொய்ப்பூச்சி கட்டுவது

முள்ளில் இறகு கட்டி மீனை ஏமாற்றும் யோசனை வெள்ளைக்காரத் துரைகளின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் சுமார் கி.பி. 200 வாக்கில் எழுதிவைத்திருக்கிறார்: மாசிடோனியாவில் ஓர் ஆற்றில், முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, அதோடு சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகு இரண்டைச் சேர்த்து மீன் பிடிக்கிறார்கள். கழி ஆறு அடி, நூலும் ஆறு அடி. ரீல் கிடையாது. நம் ஏரிக்கரைப் பையன்கள் வைத்திருக்கும் அதே அமைப்பு! ஜப்பானில் டென்கரா என்ற முறை இன்றைக்கும் அப்படித்தான், நீளக் கழியின் நுனியில் நூலைக் கட்டிவிடுவார்கள். கையில் காசு இல்லாதவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம், எடை நூலில்தான் என்கிற அடிப்படை அங்கேயும் மாறுவதில்லை.

சேவல் இறகு ஏன்? சேவலின் கழுத்து இறகு விறைப்பானது, தண்ணீரைக் குடிக்காது. அதன் தண்டைப் பிடித்து முள்ளைச் சுற்றினால் மயிர்கள் நாலாபக்கமும் கால் போல நீட்டிக்கொள்ளும். அந்தக் கால்கள் தண்ணீரின் மேல்தோலைக் கிழிக்காமல் நிற்கின்றன, நீர்ப்பூச்சி ஓடுகிற மாதிரி. பெட்டைக்கோழி இறகு மெத்து, ஊறி மூழ்கிவிடும். மூழ்க வேண்டிய பூச்சிக்கு அதைக் கட்டலாம். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையில் போய் இறகு கேட்காதீர்கள், பிராய்லர் இறகு ஒன்றுக்கும் ஆகாது. வயசான நாட்டுச் சேவல்தான் வேண்டும். பக்கத்து வீட்டில் பண்டிகைக்குச் சேவல் அறுக்கிறார்கள் என்றால் முதல் நாளே போய்ச் சொல்லிவைத்துவிடுவேன். குழம்பு வேண்டாம், கழுத்து இறகு போதும் என்று சொல்லும் ஆளை அவர்கள் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

நான் அதிகம் கட்டுவது ஈசல். 12-ஆம் எண் முள்ளைக் கட்டிங் பிளேயரில் கவ்வவைத்து, பிளேயரின் கைப்பிடியில் ரப்பர் பேண்ட் மாட்டிவிடுவேன், முள்ளைப் பிடித்துக்கொள்ளும் வைஸ் தயார். தையல் நூலை முள்ளின் கழுத்திலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். பழைய ரப்பர் செருப்பின் மெத்தையிலிருந்து தீக்குச்சி கனத்துக்கு ஒரு சீவல் வெட்டி, முள்ளின் மேல் வைத்து இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டினால் உடம்பு, மிதக்கவும் செய்யும். அதன் மேல் வெள்ளை இறகு நுனி இரண்டை, ஈசல் சிறகு போலப் பின்னோக்கிப் படுக்கவைத்துக் கட்ட வேண்டும். பிறகு பழுப்புக் கழுத்து இறகு ஒன்றை மூன்று சுற்று. முடிச்சுப் போட்டு, வீட்டுக்காரியின் நெயில் பாலிஷில் ஒரு சொட்டு. முதல் ஈசல் கட்ட எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, பார்க்கக் கரப்பான் பூச்சி மாதிரி இருந்தது. மீன் அதையும் தின்றது.

மேலே மிதப்பதை டிரை ஃப்ளை என்பார்கள். தண்ணீருக்குள் வாழும் பூச்சிக் குஞ்சு போல அடியில் போவது நிம்ஃப். சின்ன மீன் போல இழுத்துக்கொண்டு வருவது ஸ்ட்ரீமர். வேறு பெயர்களும் நிறைய உண்டு, தொடங்குகிறவருக்கு இந்த மூன்று போதும்.

வீசுவது

தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. கடலை பிடுங்கிய கொல்லை, பள்ளி மைதானம், எங்கேயாவது புல்லோ மண்ணோ உள்ள இடம். சிமெண்ட் தரை நூலின் பூச்சை உரித்துவிடும். முள் கட்டாதீர்கள், லீடர் நுனியில் ஒரு துளி கம்பளி நூல் போதும்.

சுமார் 8 மீட்டர் நூலை முன்னால் தரையில் நீட்டிப் போடுங்கள். கழி நுனி தரையைப் பார்க்கட்டும். மெதுவாகத் தூக்கத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், கழி தலைக்கு மேலே கொஞ்சம் பின்னால் சாய்ந்த இடத்தில் சட்டென்று நிறுத்துங்கள். கடிகாரத்தில் சொன்னால் ஒரு மணி. நிறுத்துவதுதான் முக்கியம். கடலைச் செடியைப் பிடுங்கி மண் உதறுவோமே, கையை வீசிக்கொண்டே போனால் மண் போகாது, சட்டென்று நிறுத்தினால்தான் தெறிக்கும். கழி நிற்க, அதுவரை வளைந்திருந்த நுனி நிமிர்ந்து நூலைப் பின்னால் அனுப்பிவிடும்.

இப்போது பொறுங்கள். எல்லோரும் தப்பு செய்கிற இடம் இது, நானும் மூன்று வாரம் செய்தேன். நூல் பின்னால் விரிந்து நேராக நேரம் வேண்டும். அதற்குள் முன்னால் வீசிவிட்டால் நிஜமாகவே சாட்டைச் சத்தம் கேட்கும், முள் கட்டியிருந்தால் அது அறுந்து எங்கோ போயிருக்கும். வெட்கப்படாமல் திரும்பிப் பாருங்கள். நூல் நேராக நீண்டு, இனி விழப்போகிறது என்கிற நொடியில் முன்னால் கொண்டுவந்து, பத்து மணி இடத்தில் மறுபடி சட்டென்று நிறுத்துங்கள். வளையம் ஒன்று உருண்டு போகும். அது ஒடுக்கமாக இருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், அகலமாக இருந்தால் கூடை மாதிரி காற்றை வாங்கிக்கொண்டு விழும். மணிக்கட்டை முறித்து வீசுகிறவர்களுக்கு வளையம் எப்போதும் அகலம்தான். கக்கத்தில் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு பழகுங்கள், துண்டு விழுந்தால் கை தேவைக்கு மேல் அலைகிறது.

பலம் தேவையில்லை. கிரிக்கெட்டில் பந்து வீசுகிற பையன்கள் இதில் திணறுவதையும், கோலம் போடுகிற கை அரை மணியில் பிடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். என் தங்கை என்னைவிட நன்றாக வீசுகிறாள். அதைப் பற்றி மேலும் பேச விரும்பவில்லை.

மைதானத்தில் சரி. ஏரிக்கரைக்கு வந்தால் பின்னால் வேலிகாத்தான் முள் மரம் நிற்கும். பின்வீச்சு முழுக்க அதில் போய்ச் சிக்கும். அதற்கு ரோல் வீச்சு இருக்கிறது. நூலைத் தண்ணீரில் கிடத்தி, கழியை மெல்ல உயர்த்திக் காதுப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துங்கள். நூல் கழி நுனியிலிருந்து வில் போலத் தொங்கித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அங்கிருந்து முன்னால் ஒரு வெட்டு, சட்டென்று நிறுத்தம். தண்ணீர் நூலைப் பிடித்திருப்பதால் கழி அதற்கெதிராக வளைகிறது, நூல் சக்கரம் போல உருண்டு முன்னால் விரிகிறது. பின்னால் இடமே தேவையில்லை. தரையில் இது வராது, தண்ணீர் வேண்டும். நம் ஏரிகளில் பாதி நேரம் இதைத்தான் செய்வீர்கள்.

காற்றைப் பற்றி: ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள், 9 கிராம் நூல் எம்மாத்திரம். ஒரு ஆடியில் பிடிவாதமாக அணைக்கரைக்குப் போனேன். வலப்பக்கக் காற்று நூலைத் தலைமேல் தள்ள, முள் என் காது மடலில் ஏறிவிட்டது. முள்ளில் எதிர்முள் இருந்ததால் பின்னால் இழுக்க முடியவில்லை, மருத்துவரிடம் போய்த்தான் எடுத்தேன். “காதுகுத்துக்குச் சொல்லவே இல்லை” என்று வீட்டில் இன்றைக்கும் கிண்டல். அன்றிலிருந்து எல்லா முள்ளின் எதிர்முள்ளையும் பிளேயரால் நசுக்கிவிடுகிறேன். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீசுவதில்லை. இன்னொன்று சிரிப்புக்கு இடமில்லாதது: கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தும். நம் ஏரிக்கரைகளில் பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள் தாழ்வாகத் தொங்குகின்றன. கழியை நீட்டுவதற்கு முன் மேலே பாருங்கள். இடி இடித்தால் கழியை மடித்துவிடுங்கள்.

யார் கடிப்பார்கள்?

படங்களில் காட்டுகிற டிரவுட் மீன் குளிர்ந்த, ஓடுகிற, தெளிந்த தண்ணீருக்குரியது. நம் இரண்டு மாவட்டத்திலும் கிடையாது. நீலகிரியில் இருக்கிறது. மீன் ஆய்வாளர் ஃப்ரான்சிஸ் டே 1863-இல் கொண்டுவர முயன்று தோற்றார், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் காலத்தில்தான் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து ஊன்றவைத்தார்கள். அங்கே பிடிக்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும்.

நமக்கு ஜிலேபி. ஆப்பிரிக்காவிலிருந்து 1952-இல் கொண்டுவரப்பட்ட மீன், இன்றைக்கு அது இல்லாத ஏரி இல்லை. சின்ன நிம்ஃபை அடியில் மெதுவாக, மிக மெதுவாக இழுத்தால் வாங்கும். ஆழமில்லாத ஓரத்தில் தட்டு மாதிரி குழி தோண்டிக் காவல் காக்கும்போது கோபத்திலேயே கடிக்கும். நீர்மேல் துள்ளுகிற வெளிச்சிக் கெண்டை விரல் நீளம்தான், ஆனால் டிரை ஃப்ளையை அது எடுக்கிற வேகத்துக்கு டிரவுட் தோற்கும். கை பழக அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. விரால், ஸ்ட்ரீமரைத் துரத்தி வரும். தண்ணீர்மேல் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் மட்டும் விட்டுவிடுங்கள், தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்குச் சாப்பாடு. கட்லாவும் ரோகுவும் எனக்கு இதுவரை பிடி கொடுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஈசல் நாள். போன புரட்டாசியில் பகல் முழுக்க மழை, நாலு மணிக்கு வெயில் அடித்தது. கரைப் புற்றிலிருந்து ஈசல் புகை மாதிரி எழும்பியது. பாதி காற்றில் ஏரிமேல் போய் விழுந்தது. சிறகு ஒட்டிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்த ஈசல்களை நோக்கி முதலில் ஓர் ஓரத்தில் வட்டம் ஒன்று. அப்புறம் நாலு. பத்து நிமிடத்தில் ஏரி கொதிக்கிற உலை மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் கை நடுங்கி முடிச்சுப் போட வரவில்லை. செருப்பு ரப்பர் ஈசலைக் கட்டி, வட்டம் விழுகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இறக்கினேன். இழுக்கவில்லை, அசைக்கவில்லை. நிஜ ஈசல்களுக்கு நடுவே அதுவும் ஒன்றாகக் கிடந்தது. ஒரு வாய் திறந்து மூடியது. கழியை மெல்ல உயர்த்தினேன், கனம் ஏறியது. வெடுக்கென்று இழுத்திருந்தால் நரம்பு போயிருக்கும், அதற்கு முன் இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறது.

பிடித்ததை விடுவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று கேட்பார்கள். நம் ஊர்க் கெண்டைகளைக் கை நனைத்துப் பிடித்து, தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுகிறேன். காய்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு போய் மீனுக்கு நோய் வரலாம். ஜிலேபியை விடுவதில்லை. அதற்கு மிளகாய்த்தூள் இருக்கிறது.

எங்கே நிற்கலாம்?

ஏரி சும்மா கிடக்கிற மாதிரி தெரியும், ஆனால் மீன் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். குத்தகைக்காரரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வலையோடு வராத, ஒரு நாளைக்கு ஆறு ஜிலேபி பிடிக்கிற ஆளை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, சொல்லாமல் நின்றால்தான் வம்பு. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை போன்ற நீர்த்தேக்கங்களுக்கு மீன்வளத் துறையில் கேட்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை மிதக்கிற நாட்களில் நான் கால் வைப்பதில்லை.

ஒகேனக்கல்? ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி. காவிரியில் மஹசீர் என்ற பெரிய ஆற்றுமீன் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பார்கள், 1946-இல் காவிரியின் கிளையாறான கபினியில் 120 பவுண்டு மீனைத் தூண்டிலில் பிடித்த கதையையும் யாராவது சொல்லியிருப்பார்கள். திமில் வைத்த அந்த மஹசீர் காவிரியையும் அதன் கிளையாறுகளையும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 2018-இல் அதை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆற்றை ஒட்டிய நம் காடுகள் 2014-இல் காவேரி வடக்கு, 2022-இல் காவேரி தெற்கு என்று சரணாலயங்களாகிவிட்டன. அங்கே தூண்டில் போடுவது வனக் குற்றம். முதலையும் உண்டு, மறந்துவிட வேண்டாம். ஒகேனக்கல் போனால் பரிசலில் போங்கள், எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், பொரித்த மீன் வாங்கித் தின்றுவிட்டு வாருங்கள். கழி வீட்டிலேயே இருக்கட்டும்.

ஈசல் நாளன்று அந்தப் பெரியவரும் கரையில்தான் இருந்தார். மூன்றாவது மீன் ஏறியதும் கிட்டே வந்து, முள்ளில் இருந்த செருப்பு ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். “இதயா தின்னுச்சு?” என்றார். இரண்டு ஜிலேபியை வேப்பங்குச்சியில் கோத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவர் நாலடி போய்த் திரும்பினார்.

“எங்கூட்டுல ஒரு சேவல் இருக்குது. கழுத்து நல்லா செவப்பா இருக்கும். தீவாளிக்கு வா.”